அமெரிக்கப் பள்ளியில் கல்லூரிப் பாடம்: கதவு எங்கே, பூட்டு எங்கே?

பள்ளியில் இருந்தபடியே கல்லூரித் தரப் பாடம் படித்து எழுதுவது ஏபி தேர்வு. 2023-ல் அமெரிக்க வரலாறு ஏபி தேர்வை எழுதிய பள்ளி மாணவர்களில், தேர்ச்சி என்று சொல்லத்தக்க மதிப்பெண் வாங்கியவர்கள் நூற்றுக்கு 48 பேர். 2024-ல் அதே தேர்வில் 72 பேர். அமெரிக்க அரசாங்கம் பற்றிய தேர்விலும் இதே கதைதான்: 49-லிருந்து 73. ஒரே வருடத்தில் பிள்ளைகள் இவ்வளவு கெட்டிக்காரர்களாகிவிட்டார்களா, இல்லை அளக்கும் படியை மாற்றிவிட்டார்களா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டார்கள்.

இதே காலத்தில் வேறு சில செய்திகளும் வந்தன. பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரி வகுப்பில் பதிவு செய்தவர்கள் 2022-23-ல் கிட்டத்தட்ட 25 லட்சம் பேர். வசதியான தனியார் பள்ளிகள் சில ஏபியே வேண்டாம் என்று ஒதுக்கின. சில மாநிலங்களோ, கேட்காமலேயே பிள்ளைகளை அடுத்த கடினப் பாடங்களில் சேர்க்கச் சட்டம் போட்டன. தனித்தனியாகப் படித்தால் ஒன்றுக்கொன்று முட்டுவது போலத்தான் தெரியும். அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: பள்ளி மாணவருக்குக் கல்லூரித் தரப் பாடம் கிடைக்க வழி என்ன, அந்த வழி யாருக்கு அடைபடுகிறது?

முதலில், கிரெடிட் என்றால் என்ன

நம்மூர் பிளஸ் டூ போல ஒரே பாடத்தொகுப்பு, ஒரே பொதுத்தேர்வு என்பது அமெரிக்காவில் கிடையாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம் ஹைஸ்கூல். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பேரின் கால அட்டவணை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒருத்தி சாதாரண வேதியியல் படிப்பாள், அவள் தோழி அதையே கல்லூரி முதலாண்டு அளவில் படிப்பாள்.

கல்லூரியில் கணக்கு கிரெடிட்டில் ஓடுகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் நடக்கும் பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட். பட்டம் வாங்கச் சுமார் 120 வேண்டும். பள்ளியிலேயே 15 கிரெடிட் சேர்த்துக்கொண்டு வருபவருக்கு ஒரு செமஸ்டர் கட்டணம் மிச்சம். காகிதத்தில் அப்படி.

இந்தப் பாடங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு, அதுதான் பல குடும்பங்களுக்கு முக்கியம்: கல்லூரிச் சேர்க்கை. சாதாரணப் பாடத்தில் ஏ கிரேடுக்கு 4 புள்ளி என்றால், பல பள்ளிகளில் ஏபி பாடத்தில் ஏ வாங்கினால் 5. கலிபோர்னியா பல்கலைக்கழகம் இப்படிப்பட்ட கூடுதல் புள்ளியை எட்டு செமஸ்டர் பாடங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறது. கிரெடிட்டே தராத கல்லூரிக்குப் போக விரும்பும் பிள்ளையும் ஏன் ஏழெட்டு ஏபி எடுக்கிறது என்று வியப்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

வழிகள் மூன்று

1. ஏபி, அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு என்ற லாபநோக்கற்ற அமைப்புதான் இதையும் நடத்துகிறது. சுமார் 40 பாடங்கள். பள்ளி ஆசிரியரே வருடம் முழுக்கப் பாடம் எடுப்பார். மே மாதம் நாடு முழுவதும் ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 வாங்கினால் தகுதி என்பது காலேஜ் போர்டின் கணக்கு. கிரெடிட் தருவதா வேண்டாமா என்பதைக் கல்லூரி முடிவு செய்யும்.

2. டூயல் என்ரோல்மென்ட், அதாவது ஒரே நேரத்தில் பள்ளியிலும் கல்லூரியிலும் பதிவு. பெரும்பாலும் அருகிலிருக்கும் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியின் பாடம். மாணவர் கல்லூரிக்கே போகலாம், இணையத்தில் படிக்கலாம், கல்லூரி ஒப்புதல் தந்த பள்ளி ஆசிரியரிடம் தன் வகுப்பறையிலேயே படிக்கலாம். இறுதிப் பொதுத்தேர்வு எதுவும் இல்லை. செமஸ்டர் முடிவில் வாங்கும் கிரேடுதான் எல்லாம்.

3. ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பேக்கலாரியேட். 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டுத் திட்டம், 1 முதல் 7 வரை மதிப்பெண். அமெரிக்காவில் முதல் இரண்டைவிடச் சிறியது, இங்கே அதோடு விட்டுவிடலாம்.

‘ஆனர்ஸ்’ என்று ஒன்றும் காதில் விழும். அது பள்ளி தானே வைத்துக்கொள்ளும் பெயர். கல்லூரி கிரெடிட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

யாருக்காகத் தொடங்கியது

ஏபியின் பூர்வீகம் எளியவர்களுடையதல்ல. 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளைப் பணத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தன. ஒன்றில் ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் உட்கார்ந்து பேசின. நல்ல பள்ளியில் படித்த பையன் கல்லூரி முதலாண்டில் அதே பாடத்தைத் திரும்பப் படித்துப் பொழுதை வீணாக்குகிறான் என்பது அவர்கள் கவலை. இன்னொரு முயற்சியைக் கென்யன் கல்லூரித் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று நடத்தினார். 1955-ல் காலேஜ் போர்டு இதை எடுத்துக்கொண்டது. 1956-ல் நடந்த முதல் தேர்வை எழுதியவர்கள் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 பேர்தான்.

இன்று ஒவ்வொரு வருடமும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் கூட்டம் பெருகப் பெருக, 2018-ல் வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள எட்டுத் தனியார் பள்ளிகள், நாங்களே இதைவிட நல்ல பாடம் வைத்துக்கொள்கிறோம் என்று ஏபியை 2022-க்குள் கைவிடுவதாக அறிவித்தன. அந்தப் பள்ளிகளின் பெயரே போதும், எந்தக் கல்லூரியும் அவற்றின் சான்றிதழைச் சந்தேகிக்காது. பெயர் தெரியாத ஊர்ப் பள்ளிக்கு அந்த வசதி இல்லை. அதன் மாணவிக்கு ஏபியில் வாங்கிய 5-தான் சிபாரிசுக் கடிதம்.

முதல் பூட்டு: பள்ளியில் பாடம் இருக்கிறதா

1999-ல் கலிபோர்னியா மாநிலத்தின் மீது குடிமை உரிமைகளுக்காக வழக்காடும் அமைப்பான ஏசிஎல்யூ ஒரு வழக்குப் போட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் நிறைந்த இங்கிள்வுட் பள்ளியில் ஏபி பாடங்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. கணிதத்திலோ அறிவியலிலோ ஒன்றுகூட இல்லை. சில மைல் தள்ளியிருக்கும் பெவர்லி ஹில்ஸ் பள்ளியிலோ அதைவிடப் பல மடங்கு. சேர்க்கையில் ஏபிக்குக் கூடுதல் புள்ளி தருவதும் மாநிலப் பல்கலைக்கழகம், அந்தப் பாடத்தை நடத்தாமல் விட்டதும் மாநிலப் பள்ளி என்றால் இது என்ன நியாயம் என்பதுதான் வாதம். அதன் பிறகு சட்டமன்றம் பள்ளிகளில் ஏபியைத் தொடங்க நிதி ஒதுக்கியது.

கிராமப்புறங்களில் சிக்கல் வேறு மாதிரி. மொத்தமே இருநூறு பிள்ளைகள் உள்ள ஹைஸ்கூலில் ஏபி இயற்பியலுக்கு நான்கு பேர்தான் வருவார்கள். நான்கு பேருக்காக ஓர் ஆசிரியரின் ஒரு பீரியடை ஒதுக்க முடியாது. அங்கே டூயல்தான் கைகொடுக்கிறது. ஆனால் அதற்கும் தகுதியுள்ள ஆசிரியர் வேண்டும். நடுமேற்கு மாநிலங்களின் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஹையர் லேர்னிங் கமிஷன் 2015-ல் ஒரு விதியைத் தெளிவாக்கியது: கல்லூரிப் பாடம் எடுப்பவர் அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், வேறு முதுகலை என்றால் அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட்டாவது இருக்கவேண்டும். பள்ளி ஆசிரியர்கள் பலர் கல்வியியலில்தான் முதுகலை முடித்திருந்தார்கள். வருடக்கணக்காக நன்றாகப் பாடம் நடத்தியவருக்கே திடீரென்று தகுதி போதாது என்ற நிலை. எதிர்ப்பு வந்து, காலக்கெடு தள்ளிப்போய், பிறகு விதியும் தளர்ந்தது.

இரண்டாம் பூட்டு: நுழைய விடுகிறார்களா

செய்திகளில் குறைவாகப் பேசப்படுவதும், என் கணிப்பில் மற்றவற்றைவிடக் கெட்டியானதும் இந்தப் பூட்டுதான். பாடம் பள்ளியில் இருக்கும், மாணவரும் இருப்பார், ஆனால் ஆறு வருடத்துக்கு முன்பே பாதை பிரிந்திருக்கும்.

கணிதத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அது ஒரு ஏணி. பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்கவேண்டுமானால் வழக்கமான வரிசை இது:

எட்டாம் வகுப்பு: அல்ஜீப்ரா 1
ஒன்பது: ஜாமெட்ரி
பத்து: அல்ஜீப்ரா 2
பதினொன்று: பிரீகால்குலஸ்
பன்னிரண்டு: ஏபி கால்குலஸ்

எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கிடைக்காமல் ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால், படியேறி முடிப்பதற்குள் பள்ளியே முடிந்துவிடும். எட்டில் அல்ஜீப்ரா யாருக்கு என்பது ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஆசிரியர் பரிந்துரையை வைத்து முடிவாகிறது. பதினோரு வயதுப் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த ஏணி தெரிந்திருந்தால் பள்ளிக்குப் போய்க் கேட்பார்கள். தெரியாதவர்களுக்கு அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டதே தெரியாது.

சான் பிரான்சிஸ்கோ இதைச் சமன்செய்ய 2014-ல் வேறு வழி பார்த்தது: அல்ஜீப்ரா எல்லோருக்குமே ஒன்பதாம் வகுப்பில்தான். என்ன ஆனது? வசதியுள்ளவர்கள் வெளியே காசு கட்டிப் படிக்க வைத்தார்கள். வசதியில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இருந்த ஒரே படியும் போனது. 2024 பிப்ரவரியில் பள்ளி வாரியம் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தது. அடுத்த மாத வாக்கெடுப்பில் நகர மக்களும் பெருவாரியாக அதையே ஆதரித்தார்கள்.

நேர் எதிரான வழியை வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே பள்ளி மாவட்டம் 2010-ல் தொடங்கியது. மாநிலத் தேர்வில் தரம் எட்டிய ஒவ்வொரு மாணவரையும் அடுத்த கடினப் பாடத்தில் பள்ளியே சேர்த்துவிடும், வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம். முன்பு சேர்வதற்குக் கேட்கவேண்டியிருந்தது, இப்போது விலகுவதற்குக் கேட்கவேண்டும். 2019-ல் இது மாநிலச் சட்டமானது. டெக்சாஸ் 2023-ல் கணிதத்துக்கு இதே போல ஒரு சட்டம் இயற்றியது: ஐந்தாம் வகுப்பில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் மாணவர் ஆறாம் வகுப்பில் தானாகவே கடினக் கணித வகுப்புக்குப் போவார். கூச்சப்பட்டுக் கேட்காத பெற்றோரின் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது, ஆங்கிலம் சரியாகப் பேசவராமல் பள்ளி வாசலில் நின்றவர்களுக்குப் புரியும்.

பாதை கீழ்வகுப்பிலேயே பிரிகிறது என்பதை எல்லோருக்கும் முன்பே கண்டுகொண்டவர் என்று ஹைமே எஸ்கலாண்டேயைச் சொல்லலாம். பொலிவியாவிலிருந்து வந்தவர், கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கார்ஃபீல்டு பள்ளியின் கணித ஆசிரியர். 1982-ல் அவரிடம் படித்த 18 பேர் ஏபி கால்குலஸில் தேறினார்கள். ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் விடைத்தாள்கள் ஒன்று போல இருக்கின்றன என்று தேர்வு நடத்தியவர்கள் 14 பேரைச் சந்தேகித்தார்கள். 12 பேர் மறுபடி எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். பலரும் சொல்லும் கதை இதோடு நின்றுவிடும். அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த சங்கதி சுவாரசியம் குறைந்தது: கீழ்வகுப்புக் கணிதத்தைச் செப்பனிட்டார், கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் கோடை வகுப்பு நடத்தி ஏணியில் விட்டுப்போன படிகளை ஏற வைத்தார். 1987-ல் கார்ஃபீல்டில் 85 பேர் கால்குலஸ் தேறினார்கள். 1991-ல் அவர் வேறு ஊருக்குப் போனார், சில வருடங்களில் எண்ணிக்கை சரிந்தது. பள்ளியின் பாடப் பட்டியலில் கால்குலஸ் என்னவோ அப்படியே இருந்தது.

மூன்றாம் பூட்டு: பணமும் தேதியும்

ஏபி வகுப்பு இலவசம், தேர்வு இலவசமல்ல. 2025-ல் அமெரிக்காவுக்குள் ஒரு தேர்வுக்கு 99 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு, சில மாநிலங்கள் முழுதாகவே கட்டிவிடுகின்றன. மே மாதத் தேர்வுக்கு நவம்பர் நடுவிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்ற விதி 2019-20-லிருந்து இருக்கிறது. தாமதமானால் கூடுதலாக 40 டாலர். வகுப்பு தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாதபோது, தேறுவோமா என்று தெரியாத பிள்ளைக்கு இது சின்னத் தொகையல்ல.

டூயலில் செலவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஃபுளோரிடாவிலும் ஒஹையோவிலும் அரசுப் பள்ளி மாணவர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் கட்டணம் இல்லை. வேறு இடங்களில் குடும்பமே கட்டவேண்டியிருக்கும். கல்லூரிக்குப் போய்வர வண்டி வேண்டும், அது தனிக்கதை.

பள்ளிக்கும் இதில் கணக்கு உண்டு. 1985-ல் மினசோட்டா, பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிப் பாடம் படிக்கலாம் என்று நாட்டிலேயே முதலாகச் சட்டம் கொண்டுவந்தது. மாணவர் போனால் அவர் தலைக்குரிய பணத்தில் ஒரு பங்கும் கூடவே போகும். ‘இதனால் உங்களுக்குக் காசு மிச்சம்’ என்று சொல்லிக் கல்லூரிகள் மாணவர்களை அழைக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் ஒரு தடையும் பல ஆண்டுகள் இருந்தது. கதவைத் திறந்துவிட்டுப் பலகையை மாட்டாமல் விட்டார்கள்.

நான்காம் பூட்டு: கல்லூரி ஏற்கிறதா

டெக்சாஸ், இல்லினாய்ஸ், ஒஹையோ, ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் 3 வாங்கினாலே அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் தரவேண்டும். பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு. டார்ட்மத் 2014-ல் சேர்ந்தவர்களிலிருந்து ஏபிக்குக் கிரெடிட் தருவதையே நிறுத்தியது. அதற்கு முன் அங்குள்ள உளவியல் துறை, ஏபியில் 5 வாங்கிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தன் அறிமுகப் பாடத்தின் இறுதித் தேர்வைச் சுருக்கி வைத்துப் பார்த்தது. பத்தில் ஒருவர்தான் தேறினார். அந்தச் சோதனையைக் காலேஜ் போர்டு ஒப்புக்கொள்ளவில்லை.

டூயல் கிரெடிட் அதே மாநிலத்து அரசுக் கல்லூரிகளுக்குள் பெரும்பாலும் செல்லுபடியாகும், மாநில எல்லை தாண்டினால் உறுதியில்லை. அதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு: கல்லூரி கிரெடிட்டை ஏற்கும், ஆனால் பட்டத்துக்குத் தேவையான பாடத்தின் இடத்தில் வைக்காமல் ‘விருப்பப் பாடம்’ என்று ஓரமாக வைக்கும். பொறியியல் படிக்க வந்தவருக்கு உளவியலில் 3, மானுடவியலில் 3 என்று ஓரத்தில் 20 கிரெடிட் சேர்ந்திருந்தாலும் படிப்பு ஒரு மாதம்கூடக் குறையாது. எத்தனை கிரெடிட் என்று கேட்பதைவிட, எந்தக் கட்டாயப் பாடத்துக்குப் பதிலாக என்று கேட்பதே சரி.

இன்னொரு வேறுபாட்டையும் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏபி தேர்வில் 1 வாங்கினால் அதைக் கல்லூரிக்கு அனுப்பாமல் இருந்துவிடலாம். டூயலில் வாங்கும் கிரேடு அன்றே டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் கல்லூரி மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிடும். பதினாறு வயதில் வாங்கிய எஃப், அதாவது ஃபெயில், பின்னால் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்குத் தகுதி பார்க்கும்போது கணக்கில் வரும்.

சரி, மதிப்பெண் ஏன் உயர்ந்தது

எத்தனை மதிப்பெண்ணுக்கு 3, எத்தனைக்கு 4 என்ற கோட்டை முன்பெல்லாம் சிறிய பேராசிரியர் குழு ஒன்று கூடி வரைந்தது. அண்மை ஆண்டுகளில் காலேஜ் போர்டு பாடம் பாடமாக வேறு முறைக்கு மாறியது: நூற்றுக்கணக்கான பேராசிரியர்களின் கருத்து, கல்லூரியில் அதே பாடத்தில் மாணவர்கள் உண்மையில் வாங்கும் கிரேடு ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் கோட்டை வரைவது. கல்லூரிகளில் ஏ, பி கிரேடுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அதோடு பொருத்தினால் கோடு கீழே இறங்கத்தானே செய்யும். வரலாறும் அரசாங்கமும் 2024-ல் இந்த மாற்றத்துக்கு உள்ளானவை.

விமர்சகர்கள் காட்டும் இன்னொரு காரணம் போட்டி. டூயல் வகுப்பில் சேர்பவர்களில் பெரும்பாலோர் சி அல்லது அதற்கு மேல் வாங்கிக் கிரெடிட்டோடு வெளியே வருகிறார்கள். ஏபியில் வருடம் முழுக்கப் படித்துவிட்டுப் பாதிப் பேர் வெறுங்கையோடு போனால் பள்ளிகள் எதைத் தேர்ந்தெடுக்கும்? கல்லூரி கிரேடுகளோடு ஒப்பிட்டுக் கோடு வரைவது நியாயமானதுதான் என்ற காலேஜ் போர்டின் வாதமும், வியாபாரக் கவலையும் இருக்கிறது என்ற விமர்சனமும் ஒருசேர உண்மையாக இருக்க இடமிருக்கிறது. இந்த மாற்றத்தால் திறப்பது நான்காம் பூட்டு மட்டும். ஆறாம் வகுப்பில் விழுந்த பூட்டை இது தொடவே இல்லை.

தமிழ் ஏன் பட்டியலில் இல்லை

அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏபி மொழிப் பாடங்களில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், சீனம், ஜப்பானியம், லத்தீன் உண்டு. பேசும் மக்கள்தொகை மட்டும் போதாது, தேர்வை நடத்த எழுதுபவர் எண்ணிக்கையும் பணமும் வேண்டும். இத்தாலியத்தையே 2009 தேர்வோடு நிறுத்தினார்கள். இத்தாலிய அரசும் இத்தாலிய அமெரிக்க அமைப்புகளும் நிதி திரட்டித் தந்த பிறகு 2012-ல்தான் அந்தத் தேர்வு திரும்ப நடந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்போதிருக்கும் வழி சீல் ஆஃப் பைலிட்டரசி. 2011-ல் கலிபோர்னியா சட்டமாக்கிய இந்த இருமொழித் திறன் முத்திரை பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இது பள்ளிச் சான்றிதழில் ஏறுமே தவிர, ஏபி மதிப்பெண்ணுக்கு நிகரல்ல. சில பள்ளி மாவட்டங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு வேற்றுமொழிப் பாடக் கிரெடிட் தருகின்றன, அது ஹைஸ்கூல் கிரெடிட். பெர்க்கிலி, சிகாகோ போலத் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில் சேர்பவர், தன் நிலையைச் சோதித்து மேல்வகுப்பில் அமர்த்த முடியுமா, மொழித் தேவையைத் தமிழால் நிறைவு செய்ய முடியுமா என்று அந்தத் துறையிடமே கேட்டுப் பார்க்கவேண்டும்.